மாரத்தான் ஓட்டத்தின் முதல் வெற்றி வீரர் ஸ்பிரிடோன் லூயிஸ்



உலகில் புகழ்பெற்றோர் பலருடைய வாழ்க்கை வரலாறுகளை நாம் படித்திருக்கின்றோம். அவர்களுள் அரசர் உளர், அறிஞர் உளர், படைத்தலைவர் உளர், பெருஞ்செல்வரும் உளர். ஆயின், தண்ணீர் சுமந்து பிழைத்த ஏழை இளைஞர் ஒருவர், மூன்று மணி நேரத்திற்குள் ஒரு நாட்டின் மானத்தைக் காத்தார். காத்தபின், வந்த புகழில் மயங்காது தம் சிற்றூருக்கே திரும்பிச் சென்று உழைத்து வாழ்ந்தார் என்றால், அவ்வரலாறு நம்மனோர்க்கு மிக அண்மையில் நிற்பதன்றோ? அவ்விளைஞரே கிரேக்க நாட்டு ஸ்பிரிடோன் லூயிஸ். ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் குறுக்கோட்டப் போட்டி நடைபெறுகின்றது. செம்மண் சாலையிலும் மரநிரைகளுக்கு இடையிலும் தோழர்களோடு ஓடி மகிழும் நம் பிள்ளைகள், நெடுந்தூர ஓட்டத்திற்குத் தலைமகனாகிய இவரைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விழைவால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் தொழிலும்

கிரேக்க நாட்டின் தலைநகரம் ஏதென்ஸ். அந்நகருக்கு வடக்கே மருசி என்றொரு சிற்றூர் அந்நாளில் இருந்தது. இன்று அது நகரத்தோடு இணைந்து ஒன்றாகிவிட்டது. அன்றோ அது வயலும் தோப்பும் நல்ல நீரூற்றுகளும் அமைந்த தனியூராக விளங்கியது. அவ்வூரில் 1873ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் லூயிஸ் பிறந்தார்.

அக்காலத்தில் ஏதென்ஸ் நகர மக்களுக்கு வீடுதோறும் குழாய் நீர் கிடையாது. நல்ல குடிநீரை வெளியூர்களிலிருந்து கொண்டுவந்து விற்பார்கள். லூயிசின் தந்தையாரும் மருசி ஊற்று நீரை நகருக்குக் கொண்டு சென்று விற்று வந்தார். மகனும் தந்தைக்குத் துணையானார். ஊற்றில் நீர் நிரப்புதல், கழுதையின் முதுகில் ஏற்றுதல், அதனோடு நடந்தும் ஓடியும் நகருக்குச் செல்லுதல், விற்றுவிட்டுத் திரும்புதல் என்பதே அவருடைய அன்றாட வாழ்க்கை. மருசியிலிருந்து நகரின் நடுப்பகுதி 10 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. போகவும் வரவும் எவ்வளவு தொலைவு என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். வெயிலென்றும் குளிரென்றும் பாராது அவ்வழியே சென்று வந்தமையால் அவருடைய கால்கள் உரமேறின, மூச்சு நிலைபெற்றது. அவருக்குப் பயிற்சி அளித்த ஆசான் அந்தச் சாலையேயாகும்.

நம் பாட்டனாரும் பாட்டிமாரும் இருள் பிரியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, தோளில் காண்டா ஏந்தி, வாளி தளும்பாமல் நிறுவை நிலையம்வரை நடந்த நடையை அறிந்தவர்களுக்கு லூயிசின் உழைப்பு எத்தகையது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. சுமந்து நடப்பவனுக்கே வழியின் நீளம் தெரியும்.

உரிய வயதில் லூயிஸ் இராணுவத்தில் சேர்ந்து பணியாற்றினார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் பாபதியாமந்தோபுலோஸ் என்பவர். இப்பெயரை நினைவிற்கொள்க, பின்னர் இவரைக் காண்போம்.

ஒலிம்பிக் விளையாட்டு மீண்டும் தோன்றுதல்

பண்டைக் கிரேக்கர் ஒலிம்பியா என்னும் இடத்தில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை பெருவிளையாட்டு விழா நடத்தினர். காலப்போக்கில் அவ்வழக்கம் மறைந்தது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்குப்பின், பிரஞ்சு நாட்டினராகிய கூபர்த்தென் பெருமகனார் முயற்சியால் 1894ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒரு மாநாடு கூடியது. ஒலிம்பிக் விளையாட்டுகளை உலகப் பொது விழாவாக மீண்டும் தொடங்குவது என்றும், முதல் விழாவை 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடத்துவது என்றும் அம்மாநாடு முடிவு செய்தது.

இவ்விழாவில் ஒரு நெடுந்தூர ஓட்டமும் இடம்பெற வேண்டும் என்று கருதியவர் மிசேல் பிரேயால் என்னும் பிரஞ்சு மொழியறிஞர். அவ்வோட்டத்தில் வெற்றி பெறுபவர்க்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்று பரிசளிப்பதாகவும் அவர் வாக்களித்தார். ஓட்டத்திற்கு அவர் தேர்ந்த வழி, மாரத்தான் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ்வரை செல்லும் பழைய சாலையாகும்.

மாரத்தான் ஏன்? கி.மு. 490இல் பாரசீகப் பெரும்படை கடல்வழி வந்து மாரத்தான் சமவெளியில் இறங்கியது. எண்ணிக்கையில் குறைந்த ஏதென்ஸ் வீரர்கள் அதனைப் பொருது வென்றனர். அவ்வெற்றிச் செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு வீரன் ஏதென்ஸ்வரை ஓடி, செய்தியைச் சொல்லிவிட்டு உயிர்துறந்தான் என்பது பிற்காலத்து நூலோர் கூறும் கதை. வரலாற்றுத் தந்தை எனப்படும் ஹெரோடோட்டஸ் எழுதியதோ வேறு. போருக்கு முன், உதவி வேண்டி ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஒரு தூதன் ஓடினான் என்றே அவர் குறிக்கின்றார். எவ்வாறாயினும், ஊருக்காக ஒருவன் ஓடினான் என்னும் எண்ணம் கிரேக்க மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. ஆதலின், மற்ற போட்டிகளில் யார் வென்றாலும் மாரத்தான் ஓட்டத்தில் தம் நாட்டவரே வெல்ல வேண்டும் என்று அவர்கள் ஏங்கினர்.

தேர்வு ஓட்டம்

நாட்டின் சார்பில் ஓடத்தக்கவர்களைத் தெரிந்தெடுக்க அதே சாலையில் தேர்வு ஓட்டங்கள் நடைபெற்றன. அவற்றை முன்னின்று நடத்தியவர், நாம் மேலே குறித்த பாபதியாமந்தோபுலோசே. தம்கீழ்ப் பணியாற்றிய தண்ணீர்க்கார இளைஞரின் கால்வலிமையை அவர் அறிந்திருந்தார். போட்டியில் கலந்துகொள்ளுமாறு ஊக்கினார். ஓர் எளியவனிடத்தில் மறைந்து கிடக்கும் ஆற்றலைக் காண்பதற்கும் ஒரு கண் வேண்டும். அத்தகைய கண் வாய்ந்த மேலோர் சிலரே. அவரால் உலகம் பெறும் பயனோ பெரிது.

முதல் தேர்வில் வசிலாக்கோஸ் என்பவர் முதலிடம் பெற்றார். இரண்டாம் தேர்வில் லூயிஸ் ஓடினார். அதில் அவர் பெற்ற இடம் முதலிடமன்று, ஐந்தாம் இடமே. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 18 நிமிடம் 27 விநாடி. ஐந்தாமவராக வந்த ஒருவரை யார் பெரிதாக நினைப்பார்? விழாவில் ஓடும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிடைத்தது. அதுவே அவருக்குப் போதுமானதாயிற்று. மாணவர்கள் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு தேர்வில் பின்தங்கினோம் என்பதற்காக அடுத்த தேர்வையும் இழந்துவிட்டோம் என்று பொருளில்லை.

ஓட்டத்திற்கு முந்தைய நிலை

1896 ஏப்ரல் 6ஆம் நாள் விழா தொடங்கியது. அலெக்சாந்திரியாவில் வணிகம் செய்து பொருளீட்டிய அவெரோப் என்னும் கிரேக்க வள்ளலின் கொடையால் பழைய விளையாட்டரங்கம் வெண்பளிங்குக் கற்களால் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பல்லாயிரம் மக்கள் திரண்டனர். ஆனால் ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகிய போட்டிகளில் கிரேக்கர் ஒருவரும் முதலிடம் பெறவில்லை. தங்களுக்கே உரியது என்று கருதிய வட்டெறிதலிலும் ஓர் அமெரிக்கரே வென்றார். மக்கள் மனம் வாடியது. எஞ்சி நின்ற நம்பிக்கை மாரத்தான் ஓட்டம் ஒன்றே.

ஓடவேண்டியவர்கள் முதல்நாளே மாரத்தான் சிற்றூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கேயே இரவு தங்கினர். மொத்தம் 17 பேர். அவருள் 13 பேர் கிரேக்கர். எஞ்சிய நால்வர் வெளிநாட்டினர்: ஆஸ்திரேலியாவின் பிளாக், பிரான்சின் லெர்முசியோ, அமெரிக்காவின் பிளேக், அங்கேரியின் கெல்னர். பிளாக் 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் முதல்வராக வந்து பெரும்புகழ் பெற்றிருந்தார். பிளேக்கும் லெர்முசியோவும் 1500 மீட்டரில் அவருக்கு அடுத்த இடங்களைப் பெற்றவர்கள். குறுந்தூரத்தில் விரைந்தோடுவதில் இம்மூவரும் வல்லவர். 40 கிலோமீட்டர் என்னும் நெடுந்தூரமோ அவர்க்குப் புதிது. கிரேக்க இளைஞர்களுக்கு அச்சாலை பழகிய சாலை. ஓர் ஊரில் ஒன்றாக உண்டு, ஒரே கவலையோடு உறங்கி எழுந்த அப்பதின்மூவரும் மறுநாள் ஒருவர்க்கொருவர் போட்டியாளராக நின்றனர். ஆயினும் அவர்தம் நோக்கம் ஒன்றாகவே இருந்தது.

சாலையின் தன்மை

அச்சாலை இன்றும் உளது. கடலை அடுத்த சமவெளியில் தொடங்கி, முதல் பத்துக் கிலோமீட்டர் அளவும் பெரும்பாலும் சமமாகவே செல்லும். அதன்பின் மெல்ல மெல்ல மேடேறும். ஏறத்தாழ 31ஆம் கிலோமீட்டர்வரை ஏற்றமே மிகுதி. அதன்பின் நகரை நோக்கி இறங்கும். 1896இல் அது புழுதி படிந்த நாட்டுப்புறச் சாலை. இருமருங்கும் திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும். வடபால் பெந்தெலி மலை. விளையாட்டரங்கத்திற்கு வெண்பளிங்கு தந்ததும் அம்மலையே. காண்பதற்கு இனிய வழிதான்; ஆனால், ஓடுபவனைச் சோதிக்கும் வழி. தொடக்கத்தில் சமநிலத்தைக் கண்டு விரைந்து வலிமையைச் செலவழிப்பவன், நடுவழியில் ஏற்றத்தில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

ஓட்டம்

1896 ஏப்ரல் 10ஆம் நாள் பிற்பகல் ஏறத்தாழ இரண்டு மணிக்கு மாரத்தான் பாலத்தருகே ஓட்டம் தொடங்கியது. தொடக்கத்திலேயே லெர்முசியோ மற்றவர்களை மிகவும் பின்னுக்குத் தள்ளி முன்சென்றார். அவருக்குப் பின்னே பிளாக்கும் பிளேக்கும் சென்றனர். கிரேக்கர் அனைவரும் பிற்பட்டே வந்தனர். வழியோர ஊர்மக்கள் அயல்நாட்டார் முன்செல்வதைக் கண்டு வருந்தினர்.

லூயிஸ் தம் நடைவேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சுமையோடு நெடுவழி செல்பவன் முதல் காதத்திலேயே ஓடிக் களைத்துப்போக மாட்டான். பிக்கெர்மி என்னும் ஊரை அடைந்தபோது அவர் சற்றே நின்று, தமக்கு அளித்த ஒரு குவளைத் திராட்சை மதுவை அருந்தி, முன்னே செல்பவர்கள் எவ்வளவு தொலைவில் உள்ளனர் என்று வினவினார் என்றும், அனைவரையும் தாம் முந்திவிடுவது உறுதி என்று கூறிச் சென்றார் என்றும் வழிவழியாகச் சொல்வர். அந்நாட்டு உழவர்க்கு அது நாள்தோறும் உணவோடு கொள்ளும் பருகுபொருளாக இருந்தது. நம் பிள்ளைகள் இதில் கொள்ளத்தக்கது குவளையை அன்று. அவரது கலங்காத உள்ளத்தையேயாம்.

ஏற்றம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. ஏறத்தாழ 23ஆம் கிலோமீட்டரில் பிளேக் மேலும் ஓடமாட்டாது விலகினார். லெர்முசியோ முன்னே சென்றுகொண்டிருந்தார். வழியில் கார்வாட்டி என்னும் சிற்றூரார் அவர்தாம் வெற்றி பெறுவார் என்று கருதி அவருக்கு வெற்றி முடியும் சூட்டிவிட்டனர் என்பர். ஓட்டம் முடியுமுன் சூட்டிய முடி நெடுநேரம் நிலைக்கவில்லை. 32ஆம் கிலோமீட்டர் கடந்ததும் அவரும் வலியிழந்து நின்றுவிட்டார். இப்பொழுது பிளாக் முதல்வரானார்.

அரங்கிலே பல்லாயிரம் மக்கள் காத்திருந்தனர். கோலூன்றித் தாண்டும் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதில் பலர்க்கும் மனம் செல்லவில்லை. மிதிவண்டியில் விரைந்து வந்த ஒருவர், ஆஸ்திரேலியர் முன்வருகின்றார் என்னும் செய்தியைக் கொணர்ந்தார். அரங்கம் முழுதும் அமைதி சூழ்ந்தது.

ஆனால், சாலையிலே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. லூயிஸ் ஒவ்வொருவராகக் கடந்து, பிளாக்கை அணுகிவிட்டார். இருவரும் சிறிது நேரம் முன்பின்னாக ஓடினர். பின்னர் லூயிஸ் விரைவைக் கூட்டினார். பிளாக் ஈடுகொடுக்க முயன்றார். முந்தின நாள்தான் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியிருந்த அவருடைய உடல் ஒத்துழைக்க மறுத்தது. ஏறத்தாழ 37ஆம் கிலோமீட்டரில் அவர் தள்ளாடி வீழ்ந்தார். இன்னும் சில கிலோமீட்டரே எஞ்சியிருந்தன. அவ்வளவு தொலைவு முன்னணியில் வந்து இறுதியில் வீழ்ந்த அம்மாவீரரையும் நாம் இகழ்தல் தகாது. முயன்று வீழ்ந்தவன் முயலாது நின்றவனினும் மேலானவன்.

அரங்கினுள் நுழைதல்

குதிரைமேல் விரைந்து வந்த ஓர் அதிகாரி அரங்கினுள் நுழைந்து அரசர் ஜார்ஜ் அவர்களின் இருக்கையை நோக்கிச் சென்றார். அவர் வேறு யாருமல்லர். ஓட்டத்தைத் தொடங்கிவைத்த பாபதியாமந்தோபுலோசே. கிரேக்கர் ஒருவர் முன்வருகின்றார் என்னும் செய்தியை அவர் அறிவித்தார். அது காட்டுத்தீப்போல் பரவியது. சற்று நேரத்தில், வெள்ளாடை முழுதும் புழுதி படிந்து, வெயிலால் முகம் கன்றி, வியர்வை வழிய, மெலிந்த இளைஞர் ஒருவர் பளிங்கு வாயிலில் தோன்றினார்.

மக்கள் எழுப்பிய ஆரவாரம் விண்ணை முட்டியது. தொப்பிகளும் கைக்குட்டைகளும் வானில் பறந்தன. இளவரசர் கான்ஸ்டன்டைனும் இளவரசர் ஜார்ஜும் தம் நிலையை மறந்து இறங்கி வந்து, அந்தத் தண்ணீர்க்கார இளைஞரின் இருமருங்கும் எல்லைவரை உடன் ஓடினர். அரச குமாரர் இருவர் நடுவே ஓர் ஏழை உழைப்பாளி. முன்னால் சென்றவர் அவ்வுழைப்பாளியே.

அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிடத்திற்கும் குறைவு. தேர்வில் ஓடியதைவிட ஏறக்குறைய 20 நிமிடம் விரைவு. இரண்டாமவராக வந்தவர் முதல் தேர்வில் வென்ற வசிலாக்கோஸ். அவர் 3 மணி 6 நிமிடம் 3 விநாடியில் வந்தார். அதாவது ஏழு நிமிடத்திற்கும் மேலான இடைவெளி.

நேர்மையும் மறுக்கப்பட்ட வாயிலும்

மூன்றாமவராகப் பெலோக்காஸ் என்னும் கிரேக்கர் வந்தார். நான்காமவராக வந்த அங்கேரியின் கெல்னர் முறையிட்டார். உசாவியபோது, பெலோக்காஸ் வழியில் சிறிது தொலைவு வண்டியில் ஏறி வந்தார் என்பது புலனாயிற்று. தம் நாட்டவர் என்று பாராது, அவருக்குரிய இடத்தைப் பறித்துக் கெல்னருக்கு மூன்றாம் இடத்தை அளித்தனர். ஒரே ஓட்டத்தில், ஒரே நாட்டில், ஒருவர் பெயர் போற்றப்படுகின்றது. மற்றொருவர் பெயர் குறையோடு நினைக்கப்படுகின்றது. மூன்றாம் இடம் பொய்யாக வருவதைவிட, பத்தாம் இடம் மெய்யாக வருதல் நன்று என்பதைப் பிள்ளைகள் உள்ளத்தில் பதித்துக்கொள்க.

இங்கே மற்றொரு செய்தியையும் குறிக்காமல் விடுதல் முறையன்று. அக்காலத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஸ்தமாத்தா ரெவித்தி என்னும் ஏழைத்தாய் ஒருவர் தாமும் ஓட விரும்பினார், ஒப்பவில்லை. மறுநாள், ஏப்ரல் 11ஆம் நாள், அவர் தனியாகவே மாரத்தானிலிருந்து ஏதென்ஸ்வரை அவ்வழியை ஓடி, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் கடந்தார். அரங்கினுள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. வாழ்த்த ஆளில்லை, பரிசில்லை. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் விழாவில்தான் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நம் பள்ளி மாணவிகள் ஓடும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அத்தாயின் பங்கு உண்டு.

வெற்றிக்குப் பின்

ஏப்ரல் 15ஆம் நாள் பரிசளிப்பு நடைபெற்றது. அந்நாளில் முதல்வர்க்குத் தங்கப் பதக்கம் வழங்கும் வழக்கம் இல்லை. வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் சான்றிதழுமே வழங்கப்பெற்றன. லூயிசுக்கு இவற்றோடு பிரேயால் அறிஞரின் வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தது. நாட்டுப்புற உடையிலேயே அவர் விழாவிற் கலந்துகொண்டார்.

அவருக்குப் பரிசுகள் தருவதாகப் பலர் முன்வந்தனர் என்று கதைகள் பல உலவுகின்றன. வேண்டுவது யாது என்று அரசரே வினவியபோது, தண்ணீர் கொண்டு செல்வதற்கு ஒரு வண்டியும் அதனை இழுக்க விலங்கும் போதும் என்று அவர் விடையளித்ததாகவும் கூறுவர். கதையில் கற்பனை கலந்திருக்கலாம். எனினும் அவருடைய வாழ்க்கை அக்கதைக்கு மாறாக அமையவில்லை. அவ்வெற்றிக்குப்பின் அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. மருசிக்கே திரும்பினார், மணம் புரிந்து மக்களைப் பெற்றார், உழவராக உழைத்தார், பின்னர் ஊர்க்காவல் பணியிலும் அமர்ந்தார்.

புகழைத் தேடி ஓடுவோர் பலர். புகழ் தேடி வந்தபோது அதனைப் பெற்றுக்கொண்டு, மறுபடி மண்வெட்டியைக் கையில் எடுப்போர் மிகச் சிலர். வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு வாழ்ந்தவர் இவர்.

சோதனையும் முதுமையும்

நல்லோர்க்கும் இடர் வருவதுண்டு. 1926ஆம் ஆண்டு, இராணுவ ஆவணங்களைத் திருத்தினார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் லூயிஸ் சிறையிலிடப்பட்டார். ஒரு நாட்டின் மானத்தைக் காத்த கால்கள் ஓராண்டுக்கும் மேலாகச் சிறைச் சுவர்களுக்குள் அடைபட்டன. அவர் பெற்ற வெள்ளிக் கிண்ணமோ பல்லாயிரவர் எழுப்பிய ஆரவாரமோ அவரைக் காக்கவில்லை. 1927ஆம் ஆண்டு சூன் திங்களில் வழக்கு விசாரிக்கப்பட்டு, அவர் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54.

எளியவன் மேல் பழி வந்தால், உண்மை புலனாகும்வரை அவனையும் அவன் குடும்பத்தையும் ஒதுக்காது இருப்பதே அண்டை அயலார்க்கு அழகு. நாற்பது மீட்டர் தொலைவிலிருந்து கைதட்டுவது எளிது. நான்கு சுவர்க்குள் இருப்பவனை நினைத்துப் பார்ப்பதே அரிது. வெற்றி நாளில் உடன் ஓடுபவர் மட்டுமல்லர், வெய்ய நாளில் உடன் நிற்பவரே நண்பர்.

1936ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. முதல் விழா நடந்து 40 ஆண்டுகள் நிறைந்த அவ்வேளையில், 63 வயதினராகிய லூயிசைச் சிறப்பு விருந்தினராக அழைத்தனர். அவர் தம் நாட்டுப்புற உடையணிந்து கிரேக்க அணியினரோடு அரங்கிற் சென்றார். ஒலிம்பியாவிலிருந்து கொணர்ந்த ஒலிவக் கிளையை இட்லரின் கையில் அளித்தார். ஒலிவம் அமைதியின் அடையாளம். அதனைப் பெற்றுக்கொண்ட கை, 1939இல் உலகப் பெரும்போரைத் தொடங்கியது. கொடுத்தவர் உள்ளம் தூயது. வாங்கியவர் நெஞ்சம் அதற்குத் தகுதியற்றதாயிற்று.

மறைவும் நினைவும்

1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் லூயிஸ் தாம் பிறந்த மருசியிலேயே இயற்கை எய்தினார். அதே ஆண்டு அக்டோபரில் போர் கிரேக்க மண்ணை எட்டியது. 1941 ஏப்ரலில் இட்லரின் படை ஏதென்சினுள் புகுந்தது. அத்துன்பத்தைக் காணாது அவர் கண்மூடினார்.

அவர் மறைந்தபின் அவர் பெயர் வளர்ந்தது. மருசியில் 1982இல் திறக்கப்பெற்ற பெரிய விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா ஏதென்சுக்கு மீண்டும் வந்தபோது தொடக்க விழா அவ்வரங்கிலேயே நடைபெற்றது. அவ்வாண்டு மாரத்தான் ஓட்டமும் பழைய சாலைவழியே சென்று, பழைய பளிங்கு அரங்கிலேயே முடிந்தது. ஒருவன் விரைந்து ஓடி மறைந்தால், அவன் லூயிஸ் ஆகிவிட்டான் என்று சொல்வது கிரேக்க மக்களின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. மொழியில் இடம்பெறுவதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேறில்லை.

அவர் குடும்பத்தார் காத்துவந்த வெள்ளிக் கிண்ணம் 2012ஆம் ஆண்டு இலண்டனில் ஏலத்திற்கு வந்தது. 5,41,250 பவுன் கொடுத்துக் கிரேக்க அறநிறுவனம் ஒன்று அதனை வாங்கி, மக்கள் அனைவரும் காணுமாறு செய்தது. ஒரு வண்டியும் ஒரு விலங்கும் போதும் என்று எண்ணியதாகச் சொல்லப்படும் மனிதரின் கிண்ணத்திற்கு இத்துணை விலை!

லூயிஸ் ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908இல் இலண்டன் விழாவில் அது 42.195 கிலோமீட்டராக அமைந்தது. 1921இல் அதுவே உலகப் பொது அளவாக உறுதி செய்யப்பட்டது. இன்று உலகின் பல நகரங்களிலும் நாட்டுப்புறச் சாலைகளிலும் மக்கள் தோழர்களோடு இவ்வோட்டத்தை ஓடுகின்றனர். மாரத்தானிலிருந்து ஏதென்ஸ் செல்லும் பழைய வழியிலும் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் பல்லாயிரவர் ஓடுகின்றனர். அவருள் முதல்வராக வருபவர் ஒருவரே. மற்றையோர் எல்லையை அடைந்ததையே வெற்றியாகக் கொள்கின்றனர்.

முடிவுரை

அன்பு மாணவர்களே! லூயிசின் வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கன பல. பிறர் விரைவைக் கண்டு மயங்காது உங்கள் ஆற்றலை அறிந்து நடவுங்கள். சமவெளியில் முந்துவது பெரிதன்று. மேட்டில் நில்லாமல் செல்வதே பெரிது. கல்வியும் அத்தகைய நெடும்பாதையே. முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளை, ஆறாம் ஆண்டில் அனைவரையும் முந்தக் கூடும். குறுக்கு வண்டியில் ஏறாதீர். பார்த்து எழுதிப் பெறும் மதிப்பெண்ணும் வண்டியில் ஏறிப் பெற்ற மூன்றாம் இடமும் ஒன்றே.

பெற்றோர்களே! உழைக்கும் கைகளையும் நடக்கும் கால்களையும் உடையோம் என்பதற்காக நாணவேண்டுவதில்லை. லூயிசை உருவாக்கியது அவர் தந்தையின் தண்ணீர்ச் சாலை. ஆயின், சாலை மட்டும் போதவில்லை. அவரை ஓடச் சொல்லி ஊக்கிய ஒருவரும் வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளையின் ஆற்றலை முதலில் காண வேண்டிய கண் உங்களுடையது. விளையாட்டு நாளன்று வேலியோரம் வந்து நில்லுங்கள். முதல்வராக வரும் பிள்ளைக்கு மட்டுமன்றி, புழுதி படிந்து கடைசியாக வரும் பிள்ளைக்கும் கைதட்டுங்கள். அவன் வழியை முழுதும் கடந்து வந்தவன்.

உழைப்பால் உயர்ந்து, உயர்ந்தபின் பணிந்து, பழி வந்தபோதும் நிலைகுலையாது வாழ்ந்த ஸ்பிரிடோன் லூயிசின் புகழ் ஓங்குக! நம் பிள்ளைகளின் கால்கள் உரம் பெறுக! நெஞ்சம் நேர்மை பெறுக!